பெயர் கேட்டுச் சண்டை போட்டவனுக்கு

இன்று சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பிளம்பர் உட்கார்ந்திருந்தான். அவன் பையில் பைப் ஒட்டும் பசை டப்பாவின் மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று நின்று நகர்ந்ததில் டப்பா சாய்ந்து, பை நனைந்து, நெடி பஸ் முழுக்கப் பரவிவிட்டது. முன்சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் வந்து, "இன்னாய்யா எட்தாந்துக்கினு வர்ற, பெட்ரோலா?" என்று சத்தம் போட்டார். எல்லோருக்கும் தலைவலி. எனக்கு மட்டும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

உன் சட்டையில், உன் விரலில், நீ பிட்டுக் கொடுக்கும் போண்டாவில்கூட இருந்த நெடி அது. "இது போண்டாவா, பைப்பா?" என்று எத்தனை தடவை உன்னிடம் கத்தியிருக்கிறேன். இன்று கத்தவில்லை. நகர்ந்து உட்காரச் சொல்லாமல் அப்படியே வந்தேன். என் கண் கலங்கியதற்கும் பசைதான் காரணம் என்று அந்த ஆள் நினைத்திருப்பான்.

உன் வீட்டு வேலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரி வசந்தாவின் குளியலறை. அங்கே நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு எனக்கு வேறு ஆளும் இல்லை.

நம் முதல் சந்திப்பே சண்டைதான். விழுப்புரத்தில் அந்தக் கல்யாண மண்டபம், சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடம். நான் டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்த்தால், அது இறங்குவதற்கு நீ தரையில் வைத்திருந்த குழாய் வாய்க்குப் போகவில்லை. எதிர் மூலையில் போய்க் குளம் கட்டி நின்றது. என்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் உன்னைக் காட்டினேன். "வாய ஒசரத்துல வச்சிட்டுப் போயிட்டான். நான் இன்னா, தண்ணிய தூக்கிக்கினு போயா ஊத்துவேன்?" என்றேன். நீ கொத்தனாரைக் காட்டினாய். கொத்தனார் ஒரே போடாக என்ஜினியரையே காட்டினார். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஏ டைல்சு, ஏ பிளம்பரு, ஏ கொத்து என்று கூவிக்கொண்டிருந்தோம்.

நடுவில் நீ நிறுத்திவிட்டு, "உம் பேரு இன்னாய்யா?" என்று கேட்டாய்.

"எதுக்கு, சாபம் உடறதுக்கா?" என்றேன்.

"இல்லய்யா. பேரு தெரியாத ஆள்கிட்ட சண்ட போட்டா, அப்புறம் எப்பிடி ராசியாவுறது?"

முதலில் கொத்தனார்தான் சிரித்தார். நான் முறைத்துக்கொண்டே பெயரைச் சொன்னேன். நீ அதை மெதுவாக ஒரு தடவை திருப்பிச் சொன்னாய். பிறகு அந்தப் பெயரை வைத்தே சண்டையைத் தொடர்ந்தாய் என்பது வேறு விஷயம். ஆனால் பெயர் தெரிந்தபிறகு எனக்கு முன்போல் திட்ட வரவில்லை. "யாரு தப்புன்னு அப்பால பாக்கலாம். தண்ணி எங்க போவுதுன்னு மொதல்ல பாப்போம்" என்று ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாய். மூவரும் குந்தி உட்கார்ந்து அது போகிற போக்கைப் பார்த்தோம். பார்த்தால் மூன்று பேர் வேலையிலும் கொஞ்சம் கொஞ்சம் கோணல் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்ந்தபோதுதான் குளமாகியிருக்கிறது. அன்றைக்கு நான் டைல்ஸ் கல்லைப் பெயர்த்தேன், கொத்தனார் தரையைக் கொத்தினார், நீ வாயை இறக்கினாய்.

அதற்குப் பிறகு நாம் சேர்ந்து செய்த வீடுகளுக்குக் கணக்கில்லை. எந்த வீடானாலும் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாள், எல்லோரையும் அந்தக் காலிக் குளியலறைக்குள் வரவழைத்துவிடுவாய். கொத்தனார், கரண்ட் வேலைக்காரர், தச்சர், நீ, நான். நிற்க இடம் இருக்காது, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும். சட்டைப் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, எடுத்து ஆளுக்கொரு பிடி கொடுப்பாய். வாயில் மல்லாட்டை இருக்கிறவன் சீக்கிரம் கோபப்பட மாட்டான் என்பது உன் கணக்கு. என் விஷயத்தில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. நான் மென்றுகொண்டே கத்துவேன்.

"அவனவன் வேல எங்க முடியுதுன்னு சொல்லுங்கய்யா. எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். முடியிற எடத்துலதான் அடுத்தவன் வந்து நிக்கணும்" என்பாய்.

கொத்தனார் தரையை எந்த உயரத்தில் விடுவார், அதன்மேல் என் கல் எவ்வளவு ஏறும், ஏறினால் கதவு உரசுமா என்றெல்லாம் அப்போதுதான் பேச்சு வரும். பேசாத வீடுகள் என்ன கதியானது என்றும் பார்த்திருக்கிறோமே. செஞ்சி ரோட்டில் வேறு ஆட்கள் கட்டிய அந்த வாத்தியார் வீட்டை மறக்க முடியுமா? ஹீட்டர் ஸ்விட்சு ஷவருக்கு நேர் கீழே வந்திருந்தது. "குடை புடிச்சிக்கினுதான் சார் ஸ்விட்சு போடணும்" என்று நீ சொல்ல, வாத்தியார் உன்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். கரண்ட் ஆளைக் கேட்டால், தான் ஸ்விட்சுப் பெட்டி வைத்தபோது அங்கே ஷவரே இல்லை என்றான். அந்த வீட்டுப் பிளம்பரைக் கேட்டால், தான் வந்தபோது பெட்டி பூச்சுக்குள் மூடியிருந்தது என்றான். இரண்டும் உண்மை. ஒரே சுவரில் வேலை செய்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

பெயர் விஷயத்தில் நீ ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. நமக்குள் மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். வசந்தா என்னை அண்ணா என்கிறாளே. நீ பெயரைத்தான் சொல்வாய். மூன்றாவது மாடியிலிருந்து கீழே கல் அறுத்துக்கொண்டிருக்கும் என்னை, மிஷின் சத்தத்தையும் மீறி, முழுப் பெயரையும் நீட்டிக் கூப்பிடுவாய். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "காது செவுடா எனக்கு?" என்று பதில் கத்துவேன்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் தெரிகிறது. என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இன்றும் விடவில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவரை விட்டுச் சொல்லச் சொல்வாள். பிள்ளைகளுக்கு நான் அப்பா. தெருவில் டைல்ஸ்காரர். சைட்டில் வெறும் டைல்சு. பெயர் வைத்த அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நீ ஒருவன்தான் இருந்தாய்.

வசந்தாவுக்குப் பக்கவாதம் வந்து, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் நீ சொந்த வீடு கட்ட வேண்டும் என்று பிடிவாதமானாய். வாடகை வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு படி. நமக்கு அது கண்ணிலேயே படாது. அவளால் வாக்கரைத் தூக்கி அதன்மேல் வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் உன்னையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கூப்பிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் நீ வேலை முடிந்து வரும்வரை, யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னாய்.

திண்டிவனத்தில் மனை வாங்கி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று அவளுடைய வாக்கரை நீ எடுத்துக்கொண்டு வந்தாய். கட்டாத வீட்டுக்குள், கோட்டுக்குள்ளேயே, டக் டக்கென்று அவள் நடப்பது போல் நடந்தாய். ரோட்டில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள். நீ குளியலறைக் கோட்டைத் தாண்டி உள்ளே நின்றுகொண்டு சொன்னாய்: "இங்க படி கெடையாது. அவ யாரையும் கூப்டாம போயி, கதவ சாத்திக்கினு, அவளா தாப்பா போட்டுக்கணும். அவ்ளோதான் வீடு. மீதியெல்லாம் சும்மா சொவுரு."

சுவர் எழுந்து, பூச்சும் முடிந்திருந்த சமயத்தில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. உன் சாவுக்கு எல்லா வேலைக்காரர்களும் வந்திருந்தார்கள். பந்தலில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "நீங்க டைல்ஸ்தான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் பெயிண்டு" என்றார். பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது நான் கூட்டத்தில் உன்னைத் தேடினேன். உன் சாவில் உன்னையே தேடினேன் என்றால் சிரிப்பாய்.

வீட்டை உன் மகன் எடுத்து முடிக்கத் தொடங்கினான். நல்ல பிள்ளை. ஓசூரில் வேலையை விட்டுவிட்டு வர முடியாதவன், போனிலேயே ஆட்களைப் பிடித்து, எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பழைய கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டதால் புதுக் கொத்தனார், புதுப் பிளம்பர். ஒருவர் வேலையை முடித்துப் போட்டோ போட்டால்தான் அடுத்தவர் வருவார். நான் கடைசி. அதனால் ஆரம்பத்திலேயே குழுவில் பேசி அனுப்பினேன்: "பாத்ரூம் வாசல்ல படி வேணாம். வாக்கர் போவணும்." வரிசையாகக் கட்டைவிரல் வந்து விழுந்தது. எனக்குத் திருப்தி.

என் முறை வந்து போய்ப் பார்த்தால், வாசலில் செங்கல் வைத்துப் பூசி ஒரு கட்டை. கட்டைவிரலும் வந்தது, கட்டையும் வந்தது.

குளியலறைக்குள் தண்ணீர் இறங்கும் வாயும் அந்தக் கட்டையை நம்பி உயரத்தில் இருந்தது. கட்டையை மட்டும் எடுத்துவிட்டு நான் கல் ஒட்டினால் தண்ணீர் நேராகப் படுக்கையறைக்கு வரும். கட்டையை விட்டால் வசந்தா மறுபடியும் ஆளைக் கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் போன் போட்டேன். "பாத்ரூம்னா கட்டை வைக்கிறதுதான, எந்த ஊர்ல வைக்காம வுடறாங்க?" என்றார் கொத்தனார். "அவர் கட்டை வச்சாரு, அதுக்கு ஏத்தாப்பல நான் வாய் வச்சேன்" என்றார் பிளம்பர். நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேருமே போனை வைத்துவிட்டார்கள்.

உன் மகன் போனில், "மாமா, ரெண்டு பக்கமும் சரிவா பூசிட்டா?" என்று கேட்டான். ஒரு கையும் ஒரு காலும் சரியாக இல்லாதவள், ஈரத் தரையில் ஏறி இறங்குவாளா? வேலையைப் பார்க்க வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வசந்தா, "வுடுண்ணா. இருக்கறத வச்சி போட்டுடு. எனக்குப் பழகிப்போச்சி" என்றாள். அந்தப் பழகிப்போச்சுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் பிளம்பரைத் தேடிக்கொண்டு போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். படியேறும்போதே வார்த்தையெல்லாம் தயார். எதிரில் போய் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"உங்க பேரு இன்னாங்க?"

அவர் மிரண்டுபோய், "எதுக்குண்ணே, போலீசுக்கா?" என்றார்.

ஆரோக்கியம் என்று பெயர். கொத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவர் பெயர் ஏழுமலை. இருவரும் ஒரே வீட்டில் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஆரோக்கியத்தின் போனில் ஏழுமலை 'கொத்தனார் 3'. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் வந்து நிற்கும்படி இருவரையும் கேட்டேன். உன்னைப் போல் எனக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேச வராது. கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

வந்தார்கள். குளியலறைக்குள் மூன்று பேரும் நின்றோம். அவரவர் வேலை எங்கே முடிகிறது என்று சொல்லும்படி கேட்டேன். ஏழுமலை, "என் வேல முடிஞ்சி மாசமாவுது" என்றார். ஆரோக்கியம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அப்போது வசந்தா வந்தாள். டீ வந்திருக்கிறது என்று சொல்லத்தான் வந்தாள். பேச்சு மும்முரத்தில் நாங்கள் கவனிக்கவில்லை, இன்னும் கிட்டே வந்தாள். வாக்கர் கட்டையில் முட்டியது. அவள் நின்றுவிட்டாள். "டீ வந்துருக்குது, ஆறிடும்" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டு, மெதுவாகத் திரும்பி, டக் டக்கென்று போனாள்.

ஏழுமலை அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களுக்கா?" என்றார்.

"வாக்கர்னு சொன்னனே, குழுவுல."

"வாக்கர்னா கொழந்த நடக்கற வண்டின்னு நெனச்சேங்க. பேரப் புள்ளைக்கின்னு. அது தண்ணியில போயி வுழுந்துறப்போவுதேன்னுதான் கட்டைய இன்னும் ஒரு கல்லு ஏத்தி வச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஆள் பாவம், ஒரு குழந்தைக்காக அக்கறையாக அந்தக் கட்டையைக் கட்டியிருக்கிறார். நீ அங்கே இருந்திருந்தால் இதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பாய். நான் யாரிடம் சொல்வேன்?

அதற்குப் பிறகு இது யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஏழுமலை உளியும் சுத்தியும் எடுத்துவரப் போனார். கட்டை உடைந்தது. ஆரோக்கியம் தரையைப் பிளந்து, குழாயை அறுத்து, வாயைக் கீழே இறக்கினார். எவ்வளவு இறக்குவது என்று என்னைக் கேட்டார். என் கல்லின் கனத்தைக் கேட்டு ஏழுமலை தண்ணீர் வாய்க்கு ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டே வேலை செய்தோம், அளவு பற்றித்தான் என்றாலும் பேச்சுதானே. பிறகு பல நாள் நான் தனியாகக் கல் ஒட்டினேன். அறைத் தரையிலிருந்து குளியலறைத் தரைக்குப் போகும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால், எங்கே மாறுகிறது என்று தெரியாது. வேலையில் நான் கர்வி என்று நீ சொல்வாய். இந்த ஒரு இடத்துக்கு என்னைக் கர்வப்பட விடு.

இன்று இருவரையும் வரச் சொல்லியிருந்தேன். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தோம். வாசல் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. சுருண்டு சுருண்டு மூலைக்குப் போய் இறங்கியது. ஆரோக்கியம், "போவுதுண்ணே" என்றார், ஏதோ அதிசயம் மாதிரி. பிறகு வசந்தாவைக் கூப்பிட்டோம். அவள் எங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வாக்கரை முன்னால் தள்ளினாள். எங்கும் நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இடது கையால் போடுவதால் கொஞ்சம் நேரமானது, ஆனால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தாள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக அவள் அழுவதும் கேட்டது. நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது ஏழுமலை என் நம்பரைக் கேட்டு வாங்கினார். அவர் அடுத்துக் கட்டும் வீட்டுக்கு ஆரம்பத்திலேயே வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டே, "டைல்ஸ், விழுப்புரம்னு போட்டுக்கறேன்" என்றார். நான் கொஞ்சம் காத்திருந்தேன். அவர் வண்டியை உதைத்தார். ஆரோக்கியம் பின்னால் ஏறிக்கொண்டார். "வர்றோம் டைல்ஸண்ணே" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கேட்காதவர்களிடம் வலியப் போய்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் மேல் குறையில்லை. எந்த சைட்டுக்குப் போனாலும் இனி முதலில் பெயர் கேட்பேன். அது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, இனி விடாது. திருப்பிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றும் தெரிந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். தெருமுனையில் ஆளில்லாத இடத்தில் நின்று, என் பெயரை நானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். உன் குரலில்தான் வந்தது.